ஒரே ஊரில் மூன்று ஜோன்கள்: அமெரிக்க முன்னோரைப் பிரித்தறிவது எப்படி?

முள்ளியவளை ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கையின் மகள் அமெரிக்காவில் திருமணம் செய்து அங்கேயே குடியிருக்கிறாள். மாப்பிள்ளையின் தந்தைவழியினர், அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு முன்பிருந்தே மசாச்சுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் கமம் செய்து வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைக்கு இப்போது நான்கு வயது. அவளுக்காக இரண்டு பக்கத்து வமிசத்தையும் ஒரே கொப்பியில் எழுதித் தருவதாக நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பார்த்தெழுதக் கடதாசி இல்லை. 2009 இல் எல்லாம் போய்விட்டன. அப்பா சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த ஒரு வயல் உறுதியும், தண்ணீரூற்றில் இருக்கும் எங்கள் மாமியின் ஞாபகமும்தான் மிச்சம். அந்தப் பக்கத்தில் நிலைமை நேரெதிரானது. கடதாசி தாராளமாக இருக்கிறது, ஆனால் எந்தக் கடதாசியைத் தூக்கினாலும் அதே பெயர்தான் வருகிறது. 1770க்கும் 1800க்கும் இடையில் அந்தச் சிற்றூரில் ஒரே குடும்பப் பெயருடன் மூன்று ஜோன்கள் இருந்திருக்கிறார்கள். பதிவுகளில் மூத்தவர், இளையவர், மூன்றாமவர் என்று அடைமொழி சேர்த்திருக்கிறார்கள். இருவருடைய மனைவியர் பெயர் மேரி. மூவருக்கும் ஜோன் என்று ஒரு மகன் இருக்கிறான்.

இணையத்தில் யாரோ வரைந்து வைத்திருக்கும் வமிச மரத்தில் இந்த மூவரையும் ஒருவராக்கிவிட்டார்கள். அதை நம்புவதானால் ஒரே மேரி பதினேழு பிள்ளைகளைப் பெற்றிருக்க வேண்டும், அவர்களில் இருவர் நான்கு மாத இடைவெளியில் பிறந்திருக்க வேண்டும். நடக்காத காரியம் என்று பார்த்தவுடன் தெரிகிறது. ஆனால் எந்தப் பிள்ளை எந்த ஜோனுடைய பிள்ளை என்று பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை.

மூத்தவர், இளையவர் என்றால் தகப்பனும் மகனும் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஒரு பிறப்புப் பதிவில் 1747/8 என்று இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து எழுதியிருப்பதன் பொருள் என்ன? மரபணுச் சோதனை செய்தால் இந்தக் குழப்பம் தீருமா என்று மாப்பிள்ளை கேட்கிறார். அறிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். பிழையான ஒருவரை அந்தப் பிள்ளைக்குப் பாட்டன் என்று எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கனகராயன், கிளிநொச்சி:

மதிப்பிற்குரிய ஐயா, நான் காணிக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். மகன் பொஸ்ரன் பக்கம் இருப்பதால் என் மருமகளின் குடும்பத்துக்காக இதே வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். உங்கள் கேள்வி எனக்கு நன்கு பழக்கமான கேள்வி.

மூத்தவர், இளையவர் என்பதைத் தகப்பன், மகன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்கால நியூ இங்கிலாந்தில் ஓர் ஊரில் ஒரே பெயருடன் இருவர் இருந்தால் வயதில் கூடியவரை மூத்தவர் என்றும் குறைந்தவரை இளையவர் என்றும் எழுதினார்கள், அவ்வளவுதான். அவர்கள் சித்தப்பனும் பெறாமகனுமாக இருக்கலாம், ஒன்றுவிட்ட சகோதரராக இருக்கலாம், உறவே இல்லாதவராகவும் இருக்கலாம். இதைவிடச் சிக்கலான விடயம் ஒன்று உண்டு. மூத்தவர் இறந்தவுடன் இளையவர் மூத்தவராகிவிடுவார், மூன்றாமவர் இளையவராகிவிடுவார். எங்கள் ஊரில் குளத்தடிக் கந்தையா என்றால் சாகும்வரை அவர் குளத்தடிக் கந்தையாதான். அங்கே இந்த அடைமொழி ஒரு கதிரையைப் போன்றது: ஒருவர் எழும்ப அடுத்தவர் அமர்ந்துகொள்கிறார். ஆகவே 1778 ஆம் ஆண்டுப் பதிவில் வரும் இளையவரும் 1795 ஆம் ஆண்டுப் பதிவில் வரும் இளையவரும் ஒரே ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மூத்தவர் எந்த ஆண்டில் இறந்தார் என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொண்டு, அந்த ஆண்டில் ஒரு கோடு கீறிப் பதிவுகளை அதற்கு முன், பின் என்று பிரியுங்கள்.

பெயர் திரும்பத் திரும்ப வருவது பெரிய குடும்பங்களிலும் நடந்ததுதான். அமெரிக்காவின் இரண்டாவது சனாதிபதி ஜோன் அடம்ஸின் தகப்பன் பெயரும் ஜோன் அடம்ஸ்தான். அவர் பிறெயின்ற்றி என்ற ஊரில் கமக்காரராகவும் தேவாலய மூப்பராகவும் இருந்து 1761 இல் இறந்தவர். சனாதிபதியின் மகன் ஜோன் குவின்சி அடம்ஸ், அவருடைய மகன்களில் ஒருவர் மறுபடியும் ஜோன் அடம்ஸ். நாடறிந்த குடும்பம் என்பதால் இவர்களைப் பற்றி எவருக்கும் மயக்கமில்லை. அதே காலத்தில் அதே முறையில் பெயர் வைத்த சாதாரணக் கமக்காரனை யார் பிரித்தெழுதி வைத்தார்கள்? எங்களுக்கு இது புதிதுமல்ல. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். அண்ணன் தம்பி நால்வருக்கும் ஆளுக்கொரு மூத்த மகன் பிறந்து, நால்வருக்கும் தகப்பனின் பெயரையே வைத்துவிட்டால் என்ன ஆகுமென்று எங்கள் கந்தோரில் நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

இனி, பிரிக்கும் வழிக்கு வருகிறேன். பெயரை நம்பாமல் காணியை நம்புங்கள். மசாச்சுசெற்ஸில் காணி உறுதிகள் மாவட்டவாரியாகப் பதியப்பட்டு வந்தன, வூஸ்ரர் மாவட்டத்துப் பதிவுகள் அந்த மாவட்டம் உருவான 1731 ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றன. இவற்றின் படங்களில் பெரும்பகுதியை பமிலிசேர்ச் (FamilySearch) என்ற வமிச ஆய்வு இணையத்தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். விற்றவர் அட்டவணை, வாங்கியவர் அட்டவணை இரண்டிலும் அந்தக் குடும்பப் பெயருள்ள ஜோன் எல்லோரையும் எடுத்து, ஒரு உறுதிக்கு ஒரு தாள் என்று எழுதுங்கள். இது எவருடைய உறுதி என்று அந்தக் கட்டத்தில் தீர்மானிக்க வேண்டாம்.

அந்த உறுதிகளில் ஆளின் ஊரும் தொழிலும் இருக்கும். ஒரு ஜோன் கமக்காரர், ஒருவர் கொல்லர், ஒருவர் சப்பாத்துத் தைப்பவர் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எல்லைகளை ஒரு சொல்லும் விடாமல் எழுதுங்கள். எங்கள் உறுதிகளில் கிழக்கே வாய்க்கால், வடக்கே இன்னாருடைய வயல், தெற்கே நின்ற பாலைமரம் என்று வருவது போல அங்கே வெள்ளை ஓக் மரம், கற்குவியல், அயலவரின் வேலி என்று வரும். ஒரே அயலவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் உறுதிகள் பெரும்பாலும் ஒரே ஜோனுடையவையாக இருக்கும். விற்கும்போது மனைவியும் கையொப்பமிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கணவன் இறந்தால் அவனுடைய காணியில் மூன்றிலொரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு அங்கே இருந்தது, அதை விட்டுக்கொடுப்பதாக அவரும் ஒப்பமிடுவது வழக்கம். எந்த ஆண்டில் எந்த ஜோனுக்கு எந்த மனைவி என்பது அங்கே வெளிச்சமாகும்.

எனக்கு மிகவும் உதவிய வழி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஜோன் ஒரு காணியை விற்றிருக்கிறார், ஆனால் அதை வாங்கியதற்கு உறுதி எதுவுமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அது அவருக்கு முதுசமாக வந்திருக்க வேண்டும். அதே காணியை அதற்கு முன் யார் வாங்கினார் என்று தோம்பு என்ற பழைய காணிப் பதிவேட்டைப் பார்ப்பது போலப் பின்னோக்கிப் போனால் தகப்பனோ மாமனாரோ அங்கே நிற்பார். மருமகளின் குடும்பத்தில் ஏழு ஆண்டுகளாகத் தெரியாதிருந்த ஒரு தகப்பனை ஒரு கற்குவியல்தான் எனக்குக் காட்டித் தந்தது. பாட்டன் வாங்கியபோதும் பேரன் விற்றபோதும் அதே கற்குவியல் வடமேற்கு மூலையில் இருந்தது.

அடுத்ததாக மரணசாதனங்களையும் சொத்துப் பங்கீட்டு ஆவணங்களையும் பாருங்கள். மரணசாதனம் எழுதாமல் ஒருவர் இறந்தால், குடியேற்றக் கால மசாச்சுசெற்ஸில் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு கிடைத்தது. எங்கள் தேசவழமையில் இல்லாத முறை இது, ஆனால் எவர் மூத்த மகன் என்பதை அது காட்டிக்கொடுக்கும். தகப்பனை இழந்த பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் நியமித்த பத்திரங்களும் இருக்கும். பதினான்கு வயது கடந்த பிள்ளை தன் பாதுகாவலரைத் தானே தெரிந்தெடுக்கலாம், ஆகவே பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளையின் வயதைக்கூட அதிலிருந்து அண்ணளவாகக் கணக்கிடலாம். இவற்றில் வரும் உறவுச் சொற்களில் மட்டும் கவனம் தேவை. இன்று மச்சான், ஒன்றுவிட்ட சகோதரன் என்ற பொருளில் வழங்கும் கசின் (cousin) என்ற ஆங்கிலச் சொல்லைப் பெறாமகனுக்கும் சகோதரியின் மகனுக்கும் எழுதினார்கள். மகளின் கணவன் என்ற பொருளில் மருமகன் என்று நாங்கள் இன்று பெயர்க்கும் சன்-இன்-லோ (son-in-law) என்ற சொல், மனைவியின் முதல் தாரத்துப் பிள்ளையைக் குறித்திருக்கவும் கூடும்.

மரபணு பற்றிக் கேட்டிருந்தீர்கள். தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் வை (Y) நிறமூர்த்தத்தைச் சோதித்தால், இரு ஆண்கள் ஒரே ஆண்வழியில் வந்தவர்களா என்று தெரியும். ஆனால் உங்கள் மூன்று ஜோன்களும் ஒரே பாட்டனின் வழி என்றால் மூவரிடமும் அநேகமாக ஒரே நிறமூர்த்தம்தான் இருந்திருக்கும். மூவரில் எவர் என்ற கேள்விக்கு அது விடை சொல்லாது.

வவுனியா நூலகன்:

ஆசிரியர் ஐயாவின் இரட்டை ஆண்டுக் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25 இல்தான் பிறந்தது. ஆகவே பெப்ரவரியில் பிறந்த பிள்ளைக்குப் பழைய கணக்கில் 1747, இன்றைய கணக்கில் 1748. இரண்டையும் குறிக்கவே 1747/8 என்று எழுதினார்கள். 1752 இல் நாட்காட்டியை மாற்றியபோது செப்டெம்பர் 2 க்கு அடுத்த நாள் செப்டெம்பர் 14 ஆனது. ஜோர்ஜ் வொஷிங்ரனின் பிறந்த நாள் குடும்பப் பதிவில் 1731/2 பெப்ரவரி 11 என்றிருக்க, இன்று 1732 பெப்ரவரி 22 என்று கொள்ளப்படுவது இதனால்தான். இதை அறியாமல் ஒரே பிள்ளையை இரண்டு பிள்ளைகளாக எழுதிய வமிச மரங்களை நான் கண்டிருக்கிறேன்.

குடிசன மதிப்பீட்டை அதிகம் நம்பியிருக்க வேண்டாம். முதலாவது மதிப்பீடு 1790 இல் எடுக்கப்பட்டது. அப்போதிருந்து 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கைதான். 1850 இல்தான் அடிமைப்படுத்தப்படாதவர்கள் ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டது. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு 1850, 1860 பட்டியல்களில் பெரும்பாலும் பெயரே எழுதவில்லை, வயதும் பாலும் உரிமையாளரின் பெயரும்தான். அவர்களுடைய வழிவந்தவர்கள் 1870 க்கு முந்திய முன்னோரைத் தேடும்போது படும் பாட்டை நினைத்தால், மூன்று ஜோன்கள் இருப்பதும் ஒரு கொடுப்பினைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. 1850 வரையான மசாச்சுசெற்ஸ் ஊர்ப் பதிவுகள் பல பின்னர் அச்சாகி வந்துள்ளன, ஆனால் அவற்றை அகரவரிசையில் அடுக்கிவிட்டார்கள். ஊர் எழுத்தர் ஒரு குடும்பத்தின் பிள்ளைகளை ஒரே பக்கத்தில் எழுதியிருந்தால் அந்தச் சேர்க்கை அச்சில் குலைந்துவிடும். ஆகவே அச்சுப் புத்தகத்தோடு நிற்காமல் கையெழுத்துப் பதிவேட்டின் படத்தையும் பாருங்கள். ஒரே பெற்றோருக்கு இரண்டு மேரி பிறந்ததாகக் கண்டால், முதற்பிள்ளை இறந்தபின் அதே பெயரை அடுத்த பிள்ளைக்கு வைத்தார்களா என்றும் தேடுங்கள். அது அங்கே பரவலான வழக்கம்.

வட்டுக்கோட்டை வேர், உருத்திரபுரம்:

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது இதே பெயர்க் குழப்பத்தின் மறுபக்கம். அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தபின் நடத்திய பாடசாலைகளில், பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரையோ அவர்கள் விரும்பிய பெயரையோ அந்தப் பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ஆகியோரின் பெயர்களைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். எங்கள் பூட்டனின் தகப்பனுக்கும் அப்படி ஒரு பெயர் கிடைத்தது. அது எங்களுக்குக் குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. 1950களில் அப்பப்பா காணி கிடைத்து உருத்திரபுரத்துக்கு வந்தபோது அந்தப் பெயரும் கூடவே வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலிருந்து ஒரு முதியவர் எங்களுக்கு மிகுந்த அன்போடு எழுதினார். அவர் தன் வமிச மரத்தில் எங்கள் பூட்டனைத் தன் கொள்ளுப்பாட்டனின் தம்பியாகச் சேர்த்திருந்தார். பெயர் ஒன்று, காலம் ஒன்று, ஊர் இலங்கை என்று கண்டதும் மிஷனரியாக வந்து திரும்பாதவர் என்று முடிவுகட்டிவிட்டார். பெயர் கடல் கடந்து வந்ததே தவிர இரத்தம் வரவில்லை என்று விளக்கி எழுத எனக்கு மூன்று கடிதங்கள் தேவைப்பட்டன. அவர் ஏமாற்றமடைந்தது உண்மை, ஆனாலும் திருத்திவிட்டார்.

மிஷனரிக் குடும்பங்களுக்குள்ளும் இந்தச் சிக்கல் இருக்கிறது. பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்த ஜோன் ஸ்கடர் 1855 இல் இறந்தார். அவருடைய மகன் ஒருவரும் ஜோன் ஸ்கடர்தான், அவரும் வைத்தியர், அவரும் தமிழ்நாட்டில் மிஷனரி. வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் இந்த இரண்டாமவரின் மகள். பெயரையும் தொழிலையும் மட்டும் பார்த்து ஐடாவை முதலாமவரின் மகள் என்று எழுதிவிட்டால், அவர் இறந்து பதினைந்து ஆண்டுகளின் பின் 1870 இல் மகள் பிறந்ததாக ஆகிவிடும். கனகராயன் ஐயா தொழிலைப் பார்க்கச் சொன்னது சரிதான், ஆனால் தகப்பன் தொழிலை மகனும் செய்தால் அது உதவாது என்பதையும் ஆசிரியர் ஐயா மனதில் வைத்திருப்பது நல்லது.

முள்ளியவளை ஆசிரியர்:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே மூன்று வாரங்களாக உறுதிகளை எழுதி வருகிறேன். இதுவரை இருபத்தாறு தாள்கள் சேர்ந்துள்ளன. அவற்றை விறாந்தையில் பாயின் மேல் பரப்பி, அயலவர் பெயரை வைத்து அடுக்கிப் பார்த்தேன். மில் ஓடையைத் தொட்ட காணிகள் ஒரு பக்கமும் தேவாலயத்துக்குக் கிழக்கே இருந்த காணிகள் மறுபக்கமுமாகத் தாமாகவே பிரிந்தன. நான்கு தாள்கள் எதிலும் சேரவில்லை.

ஓர் இரவு முழுவதும் என்னைத் தூங்கவிடாத விடயம் ஒன்று இருக்கிறது. ஓடைப் பக்கத்து மேரி 1783 இல் தன் பெயரை எழுதி ஒப்பமிட்டிருக்கிறார். தேவாலயப் பக்கத்து மேரி 1786 இல் வெறும் கீறல் அடையாளம் இட்டிருக்கிறார். பதிவேட்டில் உள்ளது எழுதுவினைஞரின் பிரதிதான் என்றாலும், அவர் அந்த அடையாளத்தையும் அப்படியே பிரதி பண்ணி, அது மேரியின் அடையாளம் என்றும் எழுதி வைத்திருக்கிறார். எழுதத் தெரிந்த மேரி, எழுதத் தெரியாத மேரி என்று இருவரையும் பிரித்துவிடலாமா?

இதைப் பார்த்தபின் அப்பாவின் உறுதியை எடுத்துப் பிரித்தேன். மடிப்பு மடிப்பாக மஞ்சளித்து, ஒரு மூலையில் தண்ணீர் பட்டு மை கரைந்திருக்கிறது. வடக்கெல்லையில் கந்தையா வயல் என்று இருக்கிறது. அது எங்கள் அப்பப்பா கந்தையா என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். மாமியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சற்றும் யோசிக்காமல், அது உன் அப்பப்பாவின் வயல் இல்லை, பரியாரி கந்தையா பெண்சாதியின் சீதனமாகப் பெற்ற வயல், உன் அப்பப்பாவுக்கு அந்த வாய்க்காலுக்கு வடக்கே ஒரு சாண் நிலமும் இருக்கவில்லை என்றார். கொப்பியில் நான் பேனையால் எழுதியிருந்ததை வெட்டித் திருத்த வேண்டியதாயிற்று.

கனகராயன், கிளிநொச்சி:

ஐயா, நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். கீறலை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். எழுதத் தெரிந்த ஒருவர் நோயிலோ முதுமையிலோ கீறல் இட்டிருக்கலாம். எங்கள் கந்தோரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கை நடுக்கத்தால் பெருவிரல் அடையாளம் வைத்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். உங்கள் இரு மேரிகளுக்கும் இடையில் மூன்று ஆண்டுகள்தான், காணிகளும் வேறு என்பதால் அவர்கள் வேறானவர்கள் என்ற எண்ணம் வலுப்படுகிறது. ஆனால் ஒவ்வொருவருக்கும் இன்னொரு உறுதியாவது கிடைக்கும்வரை பென்சிலால் எழுதுங்கள். சேராத நான்கு தாள்களையும் வலிந்து ஒருவரிடம் ஒட்டாமல் தனியே வையுங்கள்.

அமெரிக்கச் சுதந்திரப் போரில் அந்த ஜோன்களில் எவராவது சேவை செய்திருந்தால் ஓய்வூதியக் கோவையைத் தேடுங்கள். 1832 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பித்தவர்கள் தங்கள் சேவையைச் சத்தியம் செய்து விரிவாகச் சொன்னார்கள். 1836 இன் பின் விதவைகள் தங்கள் திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருந்ததால், சிலர் குடும்ப வேதாகமத்தில் பிள்ளைகளின் பிறப்பு எழுதிய தாளையே கிழித்து அனுப்பினார்கள். அவை இன்றும் அந்தக் கோவைகளில் இருக்கின்றன. அதோடு 1771 ஆம் ஆண்டு வரி மதிப்பீட்டுப் பட்டியல் மசாச்சுசெற்ஸின் பல ஊர்களுக்கு எஞ்சியிருக்கிறது. வீடு, மாடு, குதிரை, மேய்ச்சல் நிலம் என்று ஒவ்வொருவருக்கும் என்ன இருந்தது என்று அதில் எழுதியிருப்பார்கள். இரண்டு ஜோன்கள் அதில் தனித்தனியாக வந்தால் எவரிடம் எவ்வளவு நிலம் இருந்தது என்பதை உங்கள் உறுதிகளோடு ஒப்பிடலாம்.

முள்ளியவளை ஆசிரியர்:

மாப்பிள்ளை வழியினரின் அந்தச் சிற்றூர் 1771 பட்டியலில் இருக்கிறது. இன்று காலை பார்த்தேன். இரண்டு ஜோன்கள் தனித்தனியாக வருகிறார்கள், ஒருவருக்கு இரண்டு எருதுகளும் மில்லில் ஒரு பங்கும் எழுதியிருக்கிறது. மில் பங்கு உள்ளவரை ஓடைப் பக்கத்துத் தாள்களின் மேல் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாமவர் பட்டியலில் இல்லை. அப்போது அவர் வரி கட்டும் வயதை எட்டாத பையனாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். அவருக்குப் பாதுகாவலர் பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று இனித் தேட வேண்டும்.